வாசல் பூசணி, அடுப்படிப் பரங்கி

2016 அக்டோபரில் இந்த ஊரில் நான் வாங்கிய முதல் பூசணிக்காய் எட்டுக் கிலோ இருந்தது. குளியலறை எடை மெஷினில் முதலில் நான் மட்டும் ஏறி, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துப் பார்த்த கணக்கு. சிகாகோவுக்கு மேற்கே அரோராவில் நாங்கள் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடை வாசலில் இடுப்புயர அட்டைத் தொட்டிகளில் பூசணிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். மன்னார்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பரங்கிக்காய் என்றால் தெரியாதா என்ன? இருப்பதிலேயே உருண்டையாக, சிவப்பு கலந்த மஞ்சளாக, பளபளவென்று ஒன்றைப் பொறுக்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் "நல்ல காய்" என்று கட்டைவிரலை உயர்த்தினார். அவர் எதற்கு நல்ல காய் என்று சொன்னார் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே என்று இரண்டு வாரம் அதை வாசற்படியில் வைத்திருந்தோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது, காய்க்குக் கண்ணும் மூக்கும் வெட்டுகிற கலை எங்கள் வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. அக்டோபர் 31-ல் பூசணிக்கு முகம் வெட்டி விளக்கு வைக்கிற ஹாலோவீன் பண்டிகை முடிந்து நவம்பர் முதல் தேதி காலையில் பார்த்தால், தெரு முழுக்கப் பூசணிகள் குப்பைத் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. சில முழுசாக. எதிர்வீட்டில் ஐந்தாறு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு கீற்றுப் பரங்கியை நறுக்கினால் தோலைத் துவையலுக்கும் கொட்டையைக் காயவும் எடுத்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். என்னுடையதையாவது சமைத்துவிடுவது என்று உள்ளே தூக்கி வந்தேன். தூக்கி வந்து, மேடையில் வைத்துவிட்டு, சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் முழுப் பூசணியில் முதல் வெட்டு ஆண் கைதான் போட வேண்டும். பலிக்கு ஈடான காய் அது, அதனால்தான் என்பார்கள் சிலர். அம்மாவிடம் கேட்டால் "அப்படித்தான்" என்பாள், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பகலெல்லாம் கணினியில் அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு, ஒரு வழக்கத்தை ஏன் என்று கேட்காமல் விடுகிற ஆளில்லை. ஆனாலும் கணவர் வீடு திரும்பும்வரை கத்தியை எடுக்கவில்லை. அவர் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், தேங்காய் உடைப்பதுபோல் ஒரு போடு போட்டார்.

உள்ளே பார்த்தால் வெளிறிய மஞ்சள். சதையைவிடக் குகைதான் பெரிது. சிலந்திவலை மாதிரி நார். வெள்ளரிக்காய் வாசனை. சரி, வெந்தால் சரியாகிவிடும் என்று காராமணி போட்டு, வறுத்து அரைத்துப் புளிக்குழம்பு வைத்தேன். காய் வேகவில்லை, அழுதது. அவ்வளவு தண்ணீர். கணவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ரசம் நல்லா இருக்கு" என்றார். நிஜமாகவே ரசம் என்றுதான் நினைத்திருந்தார். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "இது பரங்கி இல்லடி. பரங்கி வேஷம் போட்டிருக்கு."

அந்தக் கோபம் எனக்குச் சில வருடம் இருந்தது. காய் மேல் இல்லை, ஊர் மேல். ஒரு காயை மலைபோல் விளைவித்து, வாசலில் வைத்து அழுகவிட்டு, பாடையேற்றுகிறார்களே, இவர்களுக்குப் பூசணியைச் சாப்பிடத் தெரியுமா என்று. அலுவலகத்தில் யாராவது அக்டோபரில் பூசணிப் பேச்சை எடுத்தால் மனசுக்குள் ஒரு சொற்பொழிவே நடத்துவேன். வெளியே சிரித்துக்கொண்டு "ஆமாம், அழகான பருவம்" என்பேன்.

கீற்றில் பார்த்து வாங்கிய கண்

பிறகு ஒரு நாள் இந்தியக் கடையில் பிளாஸ்டிக் சுற்றிய பரங்கித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. வாழ்நாளில் நான் ஒரு முழுப் பரங்கிக்காயைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. சந்தையில் கடைக்காரர்தான் காயை வெட்டி வைத்திருப்பார். நாம் பார்ப்பது உள்நிறத்தை. சதை செம்மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறதா, கொட்டை முற்றியிருக்கிறதா, அவ்வளவுதான். "இதுல ஒரு கீத்து போடுங்கண்ணே." மூடின காயை வெளியிலிருந்து படிக்கிற வித்தை கடைக்காரருக்கும், கொடி வைத்திருக்கிறவர்களுக்கும்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் கொல்லையில் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஒரு கொடி ஏறியிருந்தது. அதில் எது முற்றியது, எது இன்னும் கிடக்கட்டும் என்று பார்த்தது அப்பா. இறக்கி வந்து முதல் வெட்டுப் போட்டதும் அப்பாதான். அவர் 2019-ல் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா முழுக்காய் வாங்குவதையே விட்டுவிட்டாள். கொடியில் தப்பித் தவறிக் காய்த்தால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வெட்டித் தரச் சொல்வாள்.

ஆக, என் முதல் பூசணியில் தப்பு ஊருடையது பாதி, என்னுடையது பாதி. உள்ளே பார்க்கத் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு தோலைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

இங்கே பூசணி என்ற ஒரே பெயருக்குள் மூன்று சாதி நடமாடுகிறது. தாவரவியல்காரர்கள் குக்குர்பிட்டா பெப்போ, மாக்சிமா, மொஸ்காட்டா என்பார்கள். நான் வாங்கியது பெப்போ. பெரும்பாலும் ஹவ்டன் என்ற ரகமாக இருக்கும், மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் உருவாக்கியது. ஹாலோவீனுக்கு முகம் வெட்டுவதற்கென்றே பிறந்த காய். பிடித்துத் தூக்கத் தோதாகத் தடித்த காம்பு, மெழுகுவர்த்தி வைக்க உள்ளே விசாலமான அறை, கத்தி இறங்கச் சுலபமான சுவர். சீமைச் சுரைக்காய் என்று இந்தியக் கடைகளில் விற்கிற சுக்கினியும் இதே இனம்தான் என்று படித்தபோது, என் குழம்பு ஏன் அழுதது என்று புரிந்தது. மாக்சிமாவில் இன்னொரு வகைப் பைத்தியம் உண்டு. 2023-ல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே எடைப் போட்டியில் மினசோட்டாக்காரர் டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்த காய் 2,749 பவுண்டு, அதாவது சுமார் 1,247 கிலோ. அதை வைத்துக் குழம்பு வைப்பதைப் பற்றி நான் யோசித்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாக்சிமாவிலேயே ஜப்பானியக் கபோச்சா மாதிரி மாவும் இனிப்புமான நல்ல காய்களும் இருக்கின்றன.

நம்ம பரங்கி மொஸ்காட்டா. மூன்றையும் பிரிப்பதற்குத் தோலைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, நிறம் ஏமாற்றும். காம்பைப் பார்க்க வேண்டும். பெப்போவின் காம்பு கட்டை மாதிரி இறுகி, முனை முனையாக ஐந்து பட்டையோடு இருக்கும். மாக்சிமாவுக்கு உருண்டையான, தக்கை போன்ற காம்பு. மொஸ்காட்டாவின் காம்பு காயோடு சேருகிற இடத்தில் கோழிக்கால் விரிந்த மாதிரி பரந்து உட்கார்ந்திருக்கும். இதைக் கற்றுக்கொண்ட பிறகு நான் கடைகளில் காயைத் தூக்கிக் காம்பை மோந்து பார்க்காத குறை. மகள் பத்தடி தள்ளி நின்றுகொள்வாள்.

மார்ட்டன் போகிற வழியில்

2022 அக்டோபரில் பியோரியாவில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போனோம். இரண்டரை மணி நேர ஓட்டம். இருபக்கமும் அறுத்து முடித்த சோளக்கொல்லை, அறுக்கக் காத்திருக்கும் சோளக்கொல்லை, அதைத் தவிர வேறொன்றும் கிடையாது. பியோரியாவுக்குக் கொஞ்சம் முன்னால் மார்ட்டன் என்று சின்ன ஊர். உலகத்தின் பூசணித் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஊர். 1978-ல் இல்லினாய் ஆளுநரே அப்படி அறிவித்தார். ஆனால் அந்தப் பக்கத்து வயல்களில் நான் தேடின ஆரஞ்சுக் காயைக் காணோம். காய்ந்த கொடிகளுக்கு நடுவே வெளிர்பழுப்பில், நீள்வட்டமாக, வேகாத மண்பானைகளைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஏதோ கிடந்தன. "இதா பூசணி?" என்றேன். தோழி சிரித்தாள். அதுதான் டிக்கின்சன். டப்பாவில் அடைத்து விற்கிற பூசணி விழுது இந்தக் காயிலிருந்துதான் வருகிறது. லிபிஸ் டப்பாவின் ஆலை அந்த ஊரில்தான் இருக்கிறது, அமெரிக்காவில் விற்கும் டப்பாப் பூசணியில் பெரும்பங்கு அங்கிருந்து போவது.

டிக்கின்சன் மொஸ்காட்டா இனம். அதாவது நம்ம பரங்கிக்குத் தாயாதி.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஐந்து நிமிடம் அந்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடமாக நான் மனசுக்குள் திட்டிய ஜனங்கள், நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலல் விருந்தில் வீட்டுக்கு வீடு சாப்பிடுகிற பூசணிப் பை என்கிற இனிப்புப் பலகாரத்தில் இருப்பது என் ஊர்க் காயின் சொந்தக்காரன். முகம் வெட்ட ஒரு காய், வயிற்றுக்கு ஒரு காய் என்று அவர்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். வயிற்றுக் காய் பார்க்க லட்சணமாக இருக்காது என்பதால் அதை யாரும் வாசலில் வைப்பதில்லை, டப்பாமேல் படமாகவும் போடுவதில்லை. படத்தில் ஆரஞ்சு, உள்ளே பழுப்புத் தோல்காரன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சொல்வதை இவர்கள் டப்பாவில் செய்திருக்கிறார்கள். சட்டப்படியே. பொன்னிறச் சதையுள்ள இனிப்பான ஸ்குவாஷ் என்கிற பூசணி வகைக் காயை டப்பாவில் அடைத்துப் பூசணி என்று பெயர் போட்டால் அதற்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்று இங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் 1938-லிருந்து சொல்லி வருகிறது.

தோழி 2009 கதையையும் சொன்னாள். அந்த வருடம் அறுவடை நேரத்தில் விடாத மழை. வயலுக்குள் டிராக்டர் இறங்க முடியவில்லை, காய்கள் சேற்றிலேயே அழுகின. நாடு முழுக்க டப்பாப் பூசணிக்குத் தட்டுப்பாடு, அடுத்த அறுவடை வரை. இத்தனை பெரிய தேசத்தின் பண்டிகைப் பலகாரம் இந்த நாலைந்து மாவட்டத்து வானத்தை நம்பி இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு மார்ட்டன் சட்டென்று நெருங்கிய ஊராகிவிட்டது. கதிர் முற்றி நிற்கும்போது பெய்கிற மழையைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பூசணிப் பையைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு விஷயம். இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி என்று நம்ம பக்கத்துச் சரக்கையெல்லாம் போட்டு, காயின் வாசனையே தெரியாதபடி அமுக்கிவிடுகிறார்கள். அந்த மசாலாவுக்கே இப்போது தனி மவுசு. ஸ்டார்பக்ஸ் 2003-ல் கொண்டுவந்த பூசணி மசாலா லாட்டேயில் பல வருடம் பூசணியே இல்லை, 2015-ல்தான் கொஞ்சம் விழுது சேர்த்தார்கள். பூசணியில்லாத பூசணிக் காப்பியை ஜனங்கள் பன்னிரண்டு வருடம் வரிசையில் நின்று குடித்திருக்கிறார்கள். நானும் குடித்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

வாசல் பூசணியை வீணடிப்பது பற்றிய என் கோபம் இதனால் அடங்கிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் முன்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோபப்பட முடியவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட அதே பருவத்தில், ஆயுத பூஜை மறுநாள், நம்ம ஊர்த் தெருக்களில் எத்தனை வெண்பூசணி குங்குமம் தடவிச் சிதறிக் கிடக்கும்? என் சித்தப்பா ஒருவர் அதில் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு இருந்தார். புது வீட்டு முகப்பில் முட்டைக்கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து கட்டித் தொங்கவிடுகிற பூசணிக்கும், இங்கே திரி ஏற்றி வைக்கிற பல்லிளிப்புப் பூசணிக்கும் வேலை ஒன்றுதான், வருகிறதை வாசலிலேயே மிரட்டி அனுப்புவது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் இங்கே வந்ததும் பூசணிக்கு மாறினார்களாம். பெரிசாக, மிருதுவாக, குடையச் சுலபமாக ஒரு காய் கிடைத்தால் யார்தான் கிழங்கோடு மல்லுக்கட்டுவார்கள். இப்போது எங்கள் டுபேஜ் மாவட்டத்தில் ஹாலோவீனுக்கு அடுத்த சனிக்கிழமை பூசணிகளைச் சேகரித்து உரமாக்க அனுப்புகிறார்கள். சாயம், ஜிகினா, மெழுகுவர்த்தி இல்லாமல் கொண்டுவர வேண்டும். சில இடங்களில் குழந்தைகள் அதைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம். என் மகளுக்கு வருடத்தில் மிகவும் பிடித்த நாள் அது. அவள் ஆறு வயதிலிருந்து வாசல் பூசணிக்கு முகம் வெட்டுகிறாள். முதல் வெட்டு, கடைசி வெட்டு எல்லாம் அவள்தான். அதில் நான் வாயைத் திறந்ததில்லை.

சீ, சீ

2024 செப்டம்பரில் அம்மா வந்தாள். அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை அம்மாவுக்குப் பூ வேண்டும். இந்தியக் கடையில் சாமந்தி விற்றுத் தீர்ந்துவிட்டது. அரோராவில் மெக்சிகோக்காரர்கள் நிறையப் பேர், அவர்கள் கடைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடை வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள். வாளி வாளியாகத் துலுக்கச் சாமந்தி. நவம்பர் 2 அவர்களுக்கு இறந்தவர்களை அழைத்துப் படைக்கிற நாள், அதற்கான பூ. அம்மாவுக்கு அதைச் சொன்னேன். ஒரு கணம் யோசித்தாள், தீபாவளிக்கு வைக்கலாமா கூடாதா என்று. "பூ என்ன பண்ணும்" என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மூன்று கட்டு எடுத்தாள்.

உள்ளே காய்கறிப் பக்கத்தில்தான் அது கிடந்தது. பச்சையும் பழுப்புமாக, தட்டையாக, ஆழமான வரிகளோடு ஒரு குவியல். கலபாசா என்று எழுதியிருந்தது. நான் காம்பைத் தேடுவதற்குள் அம்மா, "அட, நம்ம பரங்கி!" என்று தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஏற்கெனவே அங்கே ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அம்மா வயதுதான் இருக்கும், சாம்பல் பின்னல், கையில்லாத ஸ்வெட்டர். அம்மா ஒரு காயை எடுத்துத் தோலில் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. விரலை மடக்கித் தட்டினாள். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு "சீ, சீ" என்றார்.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏண்டி, நல்ல காயாத்தானே பாத்தேன். எதுக்கு சீ சீங்கறா இந்தம்மா?"

ஸ்பானிய மொழியில் அது ஆமாம் என்று மகள் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. பள்ளியில் இரண்டு வருடமாகப் படிக்கிறாள், அன்றைக்கு முதல்முதலாக உபயோகப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் குவியலைக் கிளறிய கால் மணி நேரத்தை நான் தள்ளி நின்றுதான் பார்த்தேன். அம்மாவுக்கு நகமும் கனமும்தான் சோதனை. அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும், ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடு. அந்த அம்மாள் நகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. காயைக் கவிழ்த்து, மண்ணில் பட்டுக் கிடந்த இடத்தைக் காட்டினார். வெள்ளையாக இருந்தால் ஒதுக்கினார், நெய் நிறத்தில் இருந்தால் தலையாட்டினார். பளபளப்பாக இருந்த ஒன்றை அம்மா எடுத்தபோது பிடுங்கித் திரும்ப வைத்துவிட்டார். பளபளப்பு பிஞ்சுக்கு அடையாளம், முற்றினால் தோல் மங்கிவிடும். என் 2016 காய் எப்படிப் பளபளத்தது என்று நினைத்துக்கொண்டேன். காம்பு முறிந்த காயை இரண்டு பேருமே தொடவில்லை, அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் இறங்கும். காம்பைப் பிடித்துத் தூக்கிய என் மகளின் கையை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டார்கள். கடைசியில் தேறியது சுமார் நாலு கிலோவில் ஒன்று. காம்பு கோழிக்கால் மாதிரி விரிந்திருந்தது, நான் மட்டும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த அம்மாள் தன் வண்டியிலிருந்து ஒரு பழுப்புக் கூம்பை எடுத்துக் காட்டினார். பிலோன்சியோ. அம்மா வாங்கி மோந்து பார்த்தாள். "வெல்லம்டி!" அச்சு வெல்லம்தான், அச்சு மட்டும் வேறு. பட்டை போட்டு, இந்தப் பாகில் பரங்கித் துண்டுகளைத் தோலோடு வேகவிட்டு, இறந்துபோன வீட்டுக்காரருக்குப் படைக்கப் போகிறாராம். மகள் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தாள். அம்மா பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கூம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாளின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் ஏறின பிறகு, "எங்க வந்து பாரு, நம்ம ஊர்ப் பரங்கி கெடச்சிருக்கு" என்றாள்.

பரங்கி மெக்சிகோ பக்கத்துக் காய் என்று நான் சொல்லியிருக்கலாம். பூசணி இனத்தை அந்த நாட்டில் சுமார் 10,000 வருடத்துக்கு முன்பே பயிராக்கியதற்கு ஓஹாகா குகையொன்றில் விதைகள் கிடைத்திருக்கின்றன. நம்மிடம் அது வந்தது கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகு. பறங்கியர் கொண்டுவந்த காய் என்பதால்தான் பறங்கிக்காய் என்றே சொல்வார்கள். அந்நியன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிற காயை நம்ம ஊர்க் காய் என்று அம்மா கொண்டாட, நிஜமாகவே அது யாருடைய ஊர்க் காயோ அந்த அம்மாள் பெருந்தன்மையாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். அம்மா வாங்கிய பூவும் அதே ஊர்தான். சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறவளிடம் போய் வரலாறு பேசுவானேன்.

கிடக்கட்டும்

வீட்டுக்கு வந்ததும் சமைத்துவிடலாம் என்று பார்த்தால், அம்மா விடவில்லை. "ரெண்டு வாரம் கெடக்கட்டும். இப்பதான் எறங்கின காய், மாவா இருக்கும்." ஊரில் தை மாதம் இறக்கிய காய் பரண்மேல் சித்திரை வரை கிடக்கும். இதற்குக் காரணம் இருக்கிறது, பறித்த பிறகும் மொஸ்காட்டாவில் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கும். ஆனால் எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் தகராறு. வாசலில் குளிர், அணில் வேறு. வாசல் பூசணியின் ஒரு காதை அணில் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் குளிர் தாக்கி உள்ளே கெட்டுவிடும். அடுப்படி மேடையில் ஆப்பிள் கூடைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஆப்பிள் விடுகிற வாயு பட்டால் சீக்கிரம் வீணாகும். கடைசியில் கொட்டகையில், சிமெண்டுத் தரையில் படாமல் ஒரு பலகை போட்டு, மேலே ஒரு பழைய துண்டைச் சுற்றி வைத்தாள். தீபாவளியன்று வாசலில் அகல் விளக்கும் மகள் வெட்டிய பல்லிளிப்புப் பூசணியும் பக்கத்துப் பக்கத்தில் எரிந்தன. மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு அம்மா முறுக்கையும் சேர்த்துப் போட்டாள். கொட்டகையில் பரங்கி தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் முடிந்தபோது கணவர் டாலஸில் இருந்தார், அலுவலக வேலை, இன்னும் ஐந்து நாள் கழித்துத்தான் வருவார். நான் கத்தியை எடுத்தேன். "அவர் வரட்டும்" என்றாள் அம்மா. மகளுக்கு இந்தச் சங்கதி அன்றைக்குத்தான் தெரிய வந்தது. பத்து வயசு, கேட்காமல் இருப்பாளா? "ஏன் அம்மாச்சி? நான்தான் வருஷா வருஷம் வெட்டறேனே."

"அது பொம்மைப் பூசணி, குட்டி."

"இதுவும் பூசணிதானே?"

"இது சாப்பிடற காய்."

"அப்ப சாப்பிடாத காயைப் பொண்ணுங்க வெட்டலாமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். 2016-ல் ஒரு பகல் முழுக்க அந்தப் பூசணிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் இதில் என்ன பஞ்சாயத்துப் பண்ணுவது? "அப்படித்தான்" வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மகள் விடுவதாக இல்லை, மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். கணவர் தொலைபேசியில் "நான் வேணா வீடியோவுல கத்தியைக் காட்டட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்தேன். நவம்பரில் அந்நேரத்துக்கே இருட்டிவிடும். கதவைத் திறந்ததும் வாசனை, வெல்லமும் ஏலக்காயும் தேங்காயும். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் இனிப்புக் கூட்டு, இன்னொன்றில் காராமணி போட்ட புளிக்குழம்பு. கரண்டியால் எடுத்துப் பார்த்தேன். துண்டுகள் முனை மழுங்காமல், குழம்பை உள்ளே வாங்கிக்கொண்டு, செங்கல் நிறத்தில் இருந்தன. தண்ணீர் விடவில்லை. செய்தித்தாளில் கொட்டைகள் பரத்தியிருந்தன. மேடைமேல் பாதிக் காய் கவிழ்ந்திருந்தது. வெட்டு ஒரே சீராக, நடுவில் எங்கேயும் கத்தி தயங்கி நின்ற அடையாளம் இல்லை. மகள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை அவளுக்கு நீச்சல்.

"யாரும்மா வெட்டினா?"

அம்மா கொட்டைகளைத் தள்ளிவிட்டுப் பரத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கத்திதான் வெட்டிச்சு."